மாப்பிள்ளை வேலை: எட்டு மாதக் குறிப்புகளும் ஒரு சாய்தளமும்

கல்யாணத் தேதி முடிவான மறுநாள் அவளிடம் நான் சொன்னது இதுதான்: “என்ன செய்யணும்னு சொல்லு, செஞ்சிடறேன்.” மனசாரத்தான் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சொல்றதுக்கு நான் எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கணுமே, அதுதானே பெரிய வேலை” என்றாள்.

அந்தப் பதிலுக்குப் பிறகு எட்டு மாதம் நான் என்ன செய்தேன், எது சரியாக வந்தது, எதைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது என்பதை எழுதி வைக்கிறேன். அடுத்து கல்யாணம் செய்துகொள்ளப்போகும் இரண்டு நண்பர்கள் “மாப்பிள்ளைக்கு அப்படி என்னடா வேலை?” என்று கேட்டார்கள். அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். சடங்கும் முறையும் வீட்டுக்கு வீடு வேறு, அதற்குள் போகவில்லை. ஆள் கணக்கு, பணக் கணக்கு, மண்டபத்தின் அளவு, கரண்ட், நேரம் ஆகியவை எந்தக் கல்யாணத்துக்கும் பொதுவானவை.

அவளிடம் ஏற்கெனவே ஒரு நோட்டு இருந்தது. அதில் 63 வரிகள். ஒவ்வொரு வரியும் ஒரு வேலை. அதை முழுதாகப் படித்தபோது எனக்கு உறைத்தது: அதில் பாதி வேலைகள் இருப்பதே எனக்குத் தெரியாது. தெரியாத வேலையில் நான் எப்படி உதவ முடியும்? அன்று மாலையே உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரே ஒரு பெயரை எழுதினோம். 29 எனக்கு, 27 அவளுக்கு, மீதி ஏழு இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கு. ஒரு வரிக்கு இரண்டு பேர் பெயர் போடக்கூடாது என்பது அவள் வைத்த விதி. நான் ஒன்று சேர்த்தேன்: என் பெயர் உள்ள வரியை நினைவில் வைப்பது, விசாரிப்பது, முடிப்பது மூன்றும் என் பாடு. அவள் எனக்கு ஞாபகப்படுத்தக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை மாலை அரை மணி நேரம் மட்டும் கல்யாண வேலை பேசுவது, மற்ற நாளில் நாங்கள் பேச வேறு விஷயங்கள் இருக்கின்றன என்றும் முடிவு செய்தோம். இந்த அரை மணி நேர ஏற்பாடு எங்களை நிறையச் சண்டையிலிருந்து காப்பாற்றியது.

41ஆவது வரியில் வேலை எதுவும் இல்லை, ஒரு கேள்வி மட்டும் இருந்தது. “பாட்டி மேடைக்கு எப்படி?” அவளுடைய பாட்டி சக்கர நாற்காலியில் இருப்பவர். அதற்கு நேராக என் பெயரை எழுதச் சொன்னேன்.

ஆள் கணக்கு

எல்லாச் செலவும் இந்த ஒரு எண்ணில்தான் தொங்குகிறது. அதனால் முதலில் இதை எடுத்தேன். எங்கள் வீட்டுப் பட்டியல், அவர்கள் வீட்டுப் பட்டியல், எங்கள் நண்பர்கள் எல்லாம் சேர்த்து எக்செல்லில் ஏற்றியபோது 214 வரிகள் வந்தன. 214 என்றதும் சின்ன கூட்டம் என்று நிம்மதியாக இருந்தேன். மூன்று நாள் கழித்துத்தான் கவனித்தேன், ஒவ்வொரு வரியும் ஒரு குடும்பம். ஆள் வாரியாகப் பிரித்தபோது 602 ஆனது. நீங்கள் செய்தால் முதல் நாளே ஒரு ஆளுக்கு ஒரு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு ஒரு எண் கொடுத்து அதைத் தனிப் பத்தியில் போட்டால் அழைப்பு எத்தனை வேண்டும் என்ற கணக்கும் அதிலிருந்தே கிடைக்கும்.

அடுத்து, ஒரே ஆள் இரண்டு பெயரில் இருந்தார். அம்மாவின் பட்டியலில் “பெரிய மாமா”, அப்பாவின் பட்டியலில் அவருடைய முழுப் பெயர். பெயரை வைத்துத் தேடினால் இது சிக்காது. தொலைபேசி எண்ணை வைத்து இரட்டைப் பதிவைத் தேடினேன். 27 பேர் கழிந்து 575 ஆனது. இதில் ஒரு சிக்கல் உண்டு. எண்களை அப்படியே ஒட்டினால் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை எக்செல் விழுங்கிவிடும். 12 இலக்கம் வந்துவிட்டால் நடுவில் ‘ஈ’ போட்ட சுருக்கக் குறியாகக் காட்டும். எண்ணை ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றி வைத்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு மாற்றினால் போன பூஜ்யம் போனதுதான். 80 எண்களை நான் திரும்பக் கையால் அடித்தேன்.

பத்திகளில் மறக்கக்கூடாதவை: யார் பக்கம், பெரியவரா குழந்தையா, அழைத்தாயிற்றா, பதில் என்ன, தங்க இடம் வேண்டுமா, வண்டி வேண்டுமா, ஒவ்வாத உணவு, படியேற முடியுமா. கடைசிப் பத்தியை முதலில் பாட்டிக்காக மட்டுமே போட்டேன். தொலைபேசியில் எல்லோரையும் கேட்டு முடித்தபோது அதில் 19 பேர் இருந்தார்கள்.

நடுவில் சித்தப்பா விஷயம் வந்தது. அவருடைய அலுவலகத்திலிருந்து 40 பேரை அழைக்க வேண்டும் என்றார். மண்டபத்துக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அழைத்த எல்லோரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் 575க்கே ஒப்புக்கொண்டிருந்தோம். அம்மாவுக்கு சித்தப்பாவிடம் மறுத்துப் பேசத் தயக்கம். “அவகிட்ட கேட்டுப் பாரு, அவங்க பக்கத்துல கொஞ்சம் குறைச்சுக்கட்டுமே” என்றார்.

மாப்பிள்ளையின் பொறுப்புகளில் முதல் இடம் எதற்கு என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். என் வீட்டாரிடம் ‘முடியாது’ என்று சொல்ல வேண்டியதை நான்தான் சொல்ல வேண்டும். அவள் வாயால் அது வந்தால், கல்யாணத்துக்கு முன்பே எங்கள் குடும்பத்தில் அவளுக்கு ஒரு கெட்ட பெயர் விழும். அது வருடக்கணக்கில் நிற்கும். தொலைபேசியில் பேசாமல் நேரில் போனேன். பட்டியலை அவர் கையில் கொடுத்து, “சித்தப்பா, 500 பேருக்கு மேல அனுமதி இல்ல. உங்க 40 பேரைச் சேர்த்தா யாரை எடுக்கலாம்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க” என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். ஒருவரையும் எடுக்கச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. தன் 40ஐத் தானே 12 ஆக்கினார். “மத்தவங்களுக்கு நான் சொல்லிக்கறேன்டா” என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றுதான். இந்தப் பேச்சு நடந்ததே அவளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும்.

கடைசிக் கணக்கு 587. பதில் சொல்ல ஒரு தேதி குறித்திருந்தோம், சமையல்காரரிடம் இறுதி எண் கொடுக்க வேண்டிய நாளுக்கு இரண்டு வாரம் முன்பாக. அன்றைக்கு 412 பேர் வருவதாகவும் 96 பேர் வர இயலாது என்றும் சொல்லியிருந்தார்கள். 79 பேரிடமிருந்து பதிலே இல்லை. அவர்களை எங்கள் பக்கம் நானும் அவர்கள் பக்கம் அவளும் ஒவ்வொருவராக அழைத்தோம். 38 பேர் வருவதாகச் சொன்னார்கள். ஆக 450.

இந்த 450ஐ சமையல்காரரிடம் சொன்னபோது அவர் ஒரு கேள்வி கேட்டார். “வேலைக்கு வர்றவங்க எத்தனை பேர்?” ஓட்டுநர்கள், ஒலிபெருக்கி ஆட்கள், படம் எடுப்பவர்கள், அலங்காரக்காரர்கள் எல்லோரையும் எண்ணினால் 34. அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. விடியற்காலை வந்து ராத்திரி போகிறவர்கள். அவர்கள் சாப்பாட்டுக்கு ஒரு நேரமும் ஓர் இடமும் ஒதுக்கி, 484 என்று திருத்திக் கொடுத்தேன்.

பணம்

தொகை ஒவ்வொருவருக்கும் வேறு. அதனால் மொத்தத்தை 100 என்று வைத்துச் சொல்கிறேன். நாங்கள் பிரித்தது: சாப்பாடு 41, மண்டபம் 18, அலங்காரம் 9, உடை 8, படமும் வீடியோவும் 7, வண்டியும் தங்குமிடமும் 6, அழைப்பும் சில்லறையும் 3, கைவசம் ஒதுக்கியது 8. யார் வீட்டிலிருந்து எவ்வளவு என்பதை இரண்டு வீட்டாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினார்கள். அந்த நாளை ஏற்பாடு செய்ததும் என் வரிகளில் ஒன்று. அவளும் நானும் எங்கள் சேமிப்பிலிருந்து எவ்வளவு போட முடியும் என்பதை முதலில் சொன்னோம். அதன் பிறகு பெரியவர்களுக்குப் பேசுவது எளிதாக இருந்தது.

ஒதுக்கிய 8இல் 6 செலவானது. எதில் என்றால், விலை கேட்டபோது யாரும் மறைக்காத, நானும் கேட்காத இடங்களில். மண்டபம் காலை 6 முதல் இரவு 10 வரை. அலங்காரக்காரர் முந்தின இரவே உள்ளே வர வேண்டும் என்றார், அந்த மணி நேரத்துக்குத் தனிக் கட்டணம், அதில் 2. அலங்காரத்துக்குச் சொன்ன விலையில் கட்டுவது மட்டும்தான் அடக்கம், கழற்றி எடுத்துப் போக 1. ஜெனரேட்டருக்கு டீசல் 1, வேலையாட்கள் சாப்பாடு 1, கடைசி நேரத்தில் ஒரு வண்டி 1. இப்போது யார் கேட்டாலும், விலை பேசும்போது “இதில் எது அடங்காது?” என்று கேட்டு எழுதி வாங்கச் சொல்கிறேன். தேதி மாறினாலோ ரத்தானாலோ முன்பணம் என்னாகும் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்க வேண்டும்.

யாரோடு தொலைபேசியில் பேசினாலும், வைத்த உடனே “இன்று பேசியது” என்று தொடங்கி மூன்று வரி செய்தி அனுப்பிவிடுவேன். அளவு, நேரம், தொகை. அவர் ‘சரி’ என்று ஒரு வார்த்தை பதில் போட்டால் போதும். இரண்டு முறை இந்தச் செய்திதான் வழக்கைத் தீர்த்தது. இரண்டு முறையும் எதிரில் இருந்தவர் ஏமாற்றப் பார்க்கவில்லை. அவருக்கு ஒரே வாரத்தில் ஐந்து கல்யாணம், எங்களுக்குச் சொன்னதை வேறொருவருடையதோடு குழப்பிக்கொண்டிருந்தார்.

41ஆவது வரி

மண்டபம் பார்க்கப் போனபோது டேப்பை எடுத்துப் போனேன். பாட்டியின் நாற்காலி சக்கரத்தோடு சேர்த்து 64 செ.மீ. அகலம். மண்டபத்தின் பெரிய கதவு தாராளம். பொதுக் கழிப்பறைக் கதவு 68 செ.மீ., உள்ளே போகும், ஆனால் சக்கரத்தைத் தள்ளும் கை இரண்டு பக்கமும் உரசும். தேடிப் பார்த்ததில் மண்டப அலுவலகத்தை ஒட்டி ஒரு கழிப்பறை, 85 செ.மீ. கதவோடு, பூட்டிக் கிடந்தது. கல்யாணத்தன்று அதன் சாவி எங்களிடம் இருக்க வேண்டும் என்று அங்கேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.

மேடை 40 செ.மீ. உயரம், மூன்று படி. “நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கிடலாமே” என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பாட்டியிடமே கேட்டேன். முன்பு ஒரு விசேஷத்தில் அப்படித் தூக்கியிருக்கிறார்கள். “சாமானைத் தூக்குற மாதிரி தூக்கினாங்கப்பா. அதுக்கப்புறம் நான் மேடைப் பக்கமே போறதில்ல. நான் கீழேயே உக்காந்து பார்த்துக்கறேன்” என்றார். வருத்தமில்லாத குரலில் சொன்னதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

சாய்தளம் செய்வது என்று முடிவு செய்தேன். சக்கர நாற்காலிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் சரிவு 1:12, அதாவது 1 செ.மீ. ஏற 12 செ.மீ. நீளம். 40 செ.மீ. உயரத்துக்கு 480 செ.மீ. வேண்டும். மேடையின் இடது பக்கம், சுவரை ஒட்டி எட்டு மீட்டர் வெற்றிடம் இருந்தது. எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் பலகை 244 செ.மீ. நீளம். இரண்டு பலகையை நீளவாக்கில் வைத்து ஓரத்தைச் சீவினால் சரியாக 480. இந்தக் கணக்கு பொருந்தியதும் மண்டபத்திலேயே தரையில் உட்கார்ந்து படம் வரைந்துவிட்டேன்.

பலகை 18 மி.மீ. தடிமன். அடியில் குறுக்காக 60 செ.மீ.க்கு ஒரு சட்டம். 1:12 சரிவில் 60 செ.மீ.க்கு 5 செ.மீ. ஏறும், அதனால் கணக்கு சுலபம்: மேல்மட்டம் 5, 10, 15 என்று 40 வரை. ஒவ்வொன்றிலும் பலகைத் தடிமன் 1.8ஐக் கழித்தால் சட்டத்தின் உயரம்: 3.2, 8.2, 13.2, இப்படியே கடைசிச் சட்டம் 38.2. எட்டுச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போட்டேன். சட்டங்களுக்கு இடையில் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் நீளவாக்கில் கட்டை கொடுத்து இணைத்தேன், இல்லையென்றால் 60 செ.மீ. இடைவெளியில் பலகை சக்கரத்துக்கு அடியில் அமுங்கும். திருகு 40 மி.மீ. நீளம்: பலகையைத் தாண்டி 22 மி.மீ. கட்டைக்குள் இறங்கும். திருகின் தலை பலகைக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். ஆணி அடிக்கவில்லை, ஏனென்றால் கழற்றி எடுத்து வர வேண்டும்.

இரண்டு பலகையும் சேரும் இடம் நான்காவது சட்டம். அங்கே மட்டும் இரட்டைச் சட்டம் போட்டேன், முதல் பலகைக்கு ஒன்று, இரண்டாவதற்கு ஒன்று, இரண்டையும் போல்ட் போட்டு இறுக்கினேன். அப்போதுதான் இரண்டு துண்டாகப் பிரித்து வண்டியில் ஏற்ற முடியும்.

நண்பனின் பட்டறையில் கட்டி முடித்து முதல் ஓட்டம் பார்த்தோம். 78 கிலோ நண்பன் நாற்காலியில் உட்கார, நான் தள்ளினேன். நடு இணைப்பில் நாற்காலி சடாரென்று நின்று, அவன் முன்னால் சாய்ந்தான். பெரிய சக்கரம் ஏறிவிடும், முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள்தான் பிரச்சினை. அளந்து பார்த்தால் இரட்டைச் சட்டத்தில் கீழ்ப்பக்கத்துச் சட்டத்தை 3 மி.மீ. குறைவாக அறுத்திருக்கிறேன். அந்த 3 மி.மீ. விளிம்பே சின்னச் சக்கரத்தை நிறுத்தப் போதும். அடியில் தகடு வைத்து உயர்த்தலாம் என்றான் நண்பன். பாட்டி உட்காரப்போகிற நாற்காலிக்கு அடியில் ஒட்டுப்போட எனக்கு விருப்பமில்லை. அந்தச் சட்டத்தைக் கழற்றிப் புதிதாக அறுத்தேன். இரண்டாவது ஓட்டத்தில் விரலை வைத்துத் தடவினாலும் இணைப்பு தெரியவில்லை.

தரையைத் தொடும் முனையிலும் இதே தொல்லை. பலகையின் தடிமனே ஒரு படிபோல நிற்கிறது. இழைப்புளியால் அந்த முனையைச் சரித்து இழைத்து, மேலே மெல்லிய அலுமினியத் தகடு அடித்தேன். திறந்த பக்கத்தில் சக்கரம் விளிம்பு தாண்டாமல் இருக்க 5 செ.மீ. உயரக் கட்டையும் 90 செ.மீ. உயரத்தில் ஒரு கைப்பிடியும். மேலே வழுக்காத சொரசொரப்பு டேப், 30 செ.மீ.க்கு ஒரு பட்டை. பிறகு நாலு பேர் நடுவில் சேர்ந்து நின்று குதித்துப் பார்த்தோம். அசையவில்லை.

அலங்காரக்காரர் அதே இடத்தில் ஒரு பூத்தூண் வைக்கத் திட்டமிட்டிருந்தார். சாய்தளத்தின் மேல் கம்பளமும் விரிக்கிறேன் என்றார், பார்க்க அழகாக இருக்கும் என்று. தூணை ஒன்றரை மீட்டர் நகர்த்தச் சம்மதித்தார், வலப்பக்கத் தூணையும் அதே அளவு நகர்த்தினார். கம்பளத்துக்கு மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. சரிவில் கம்பளம் சுருண்டால் சக்கரம் மாட்டும். அதற்குப் பதில் மேடைத் துணியின் நிறத்திலேயே பெயின்ட் அடித்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் மேடையின் ஒரு பகுதியாகவே தெரிந்தது.

முந்தின நாள் அவள் வந்து, நண்பனை உட்கார வைத்துத் தானே தள்ளிப் பார்த்தாள். மேலே போய்த் திரும்பி, “என்னால தனியா தள்ள முடியுது” என்றாள். இறங்கும்போது நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக, தள்ளுகிறவர் கீழ்ப்பக்கம் நின்று இறக்க வேண்டும். அதையும் இரண்டு முறை செய்து பார்த்தாள்.

கரண்ட்

ஜெனரேட்டரின் திறன் 62.5 கேவிஏ. அதை ‘பவர் ஃபாக்டர்’ எனப்படும் 0.8ஆல் பெருக்கினால், கருவிகளுக்குக் கிடைப்பது 50 கிலோவாட். முழுச் சுமையில் ஓட்டாமல் அதில் 80 சதவீதம், அதாவது 40 கிலோவாட்டுக்குள் நிற்க வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். ஒவ்வொரு கருவியிலும் எழுதியிருக்கும் வாட்டைக் கூட்டினேன், கிலோவாட்டில்: குளிரூட்டி 18, விளக்கு 14, சமையலறை 9, ஒலி 5. மொத்தம் 46. விளக்கில் 16 ஹாலஜன், ஒவ்வொன்றும் 500 வாட், அவை மட்டுமே 8 கிலோவாட். 100 வாட் எல்இடிக்கு மாற்றியதும் 6.4 குறைந்து 39.6க்கு வந்தது.

மொத்தம் சரியாக இருந்தாலும் போதாது. ஒத்திகையில் ஒலிபெருக்கி திடீரென்று செத்தது. வெந்நீர்க் கொதிகலனும் ஒலிப்பெட்டியும் ஒரே இணைப்பில் இருந்தன. கொதிகலனைச் சமையலறை இணைப்புக்கு மாற்றினோம். ஒத்திகை பார்க்காமல் விட்டிருந்தால் இது கல்யாண நேரத்தில் நடந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பத்து நிமிடம் போட்டுப் பார்ப்பது கட்டாயம்.

நேரம்

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு முறைக்கு 120 பேர். 450 பேருக்கு நாலு முறை. ஒரு முறைக்குத் துடைத்து, திரும்பப் போடுவது சேர்த்து 40 நிமிடம். ஆக 2 மணி 40 நிமிடம். நிகழ்ச்சி நிரலில் நாங்கள் போட்டிருந்தது ஒரு மணி நேரம். இதைப் பார்த்ததும் மொத்த நிரலையும் மாற்றினோம், வயதானவர்களும் குழந்தைகளும் முதல் முறையில் உட்கார ஏற்பாடு செய்தோம்.

குடும்பப் படங்களும் இதே மாதிரிதான். 31 குழுக்கள், ஒரு குழுவுக்கு மூன்று நிமிடம் என்றால் 93 நிமிடம். அவ்வளவு நேரம் அவள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். 18 ஆகக் குறைத்து 54 நிமிடமாக்கினோம். பட்டியலை அச்சடித்து எங்கள் அத்தையிடம் ஒன்று, அவளுடைய மாமாவிடம் ஒன்று. முகம் தெரிந்தவர் கூப்பிட்டால்தான் ஆட்கள் வருவார்கள், படம் எடுப்பவருக்கு யாரையும் தெரியாது. படம் எடுப்பவர்களிடம் மூன்று கேமராவின் கடிகாரத்தையும் ஒரே நிமிடத்துக்கு வைக்கச் சொன்னேன். பின்னால் எல்லாப் படத்தையும் வரிசைப்படுத்த அது பெரிய உதவி.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். திருமணப் பதிவுக்கு என்ன தாள் வேண்டும், எத்தனை சாட்சி, எவ்வளவு நாள் முன்பு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதைத் தேதி முடிவான வாரமே விசாரிக்க வேண்டும். என் இரண்டு ஆவணங்களில் பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தது, அதைத் திருத்த ஐந்து வாரம் ஆனது. பயணச் சீட்டைப் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில்தான் எடுக்க வேண்டும். பல நாடுகள் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும் என்று கேட்கும். உடையை அளவு பார்க்கும்போது அன்று போடப்போகும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். புது ஷூவை இரண்டு வாரம் வீட்டுக்குள் போட்டுப் பழக்கினேன்.

அன்று

கடைசித் தவணைகளை ஏழு உறைகளில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் யாருக்கு, எவ்வளவு, எந்த வேலை முடிந்தபின், ரசீது உண்டா என்று எழுதி நண்பனிடம் கொடுத்தேன். என் தொலைபேசியையும் அவனிடமே கொடுத்தேன். மேடையில் நிற்கும் மாப்பிள்ளையிடம் கரண்ட் ஆள் வந்து பணம் கேட்கக்கூடாது. காலையில் ஒரு வண்டி வராமல் போய், அவன் வேறு வண்டி பிடித்திருக்கிறான். அது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

பாட்டி வந்தார். சாய்தளத்தின் கீழே நாற்காலியை நிறுத்தச் சொல்லி, கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, “தள்ளும்மா” என்றார். அவளுடைய தங்கைதான் தள்ளினாள். இணைப்பைத் தாண்டியபோது எனக்கு மூச்சு நின்றது, நாற்காலி நிற்கவில்லை. மேலே வந்து எங்கள் இரண்டு பேர் தலையிலும் கை வைத்தார். படியேற முடியாதவர்கள் என்று பட்டியலில் இருந்த மற்ற 18 பேரில் பலரும் கைப்பிடியைப் பிடித்து அந்த வழியாகவே வந்தார்கள். குழந்தைகள் ஏறி ஓடி இறங்கிக்கொண்டே இருந்தார்கள்.

ஒன்று தவறியது. பாட்டியை மேலே கொண்டுவருவது வரைதான் நான் யோசித்திருந்தேன். இறங்கிய பிறகு அவர் பக்கத்தில் யார் இருப்பது என்று எந்த வரியிலும் இல்லை. தங்கையைப் படத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், பாட்டி ஓரமாகத் தனியே உட்கார்ந்திருந்தார். எத்தனை நேரமோ தெரியாது. மேடையிலிருந்து அவள்தான் பார்த்தாள். என் கையைத் தொட்டுக் கண்ணால் காட்டினாள். நான் அக்காவைத் தேடிச் சைகை செய்தேன், அக்கா போய் உட்கார்ந்தாள். அன்றிரவு நோட்டில் 64 என்று எண் போட்டு அந்த வரியை எழுதினேன். பக்கத்தில் என் பெயர்.

மறுநாள் நண்பர்கள் சாய்தளத்தைக் கழற்றினார்கள். எண் போட்டிருந்ததால் அரை மணி நேரத்தில் முடிந்தது. இரண்டாவது பலகையும் 5 முதல் 8 வரையிலான சட்டங்களும் பட்டறையில் அடுக்கியிருக்கின்றன. எங்கள் வீட்டு வாசல்படி 20 செ.மீ. அதற்கு முதல் பலகையும் முதல் நாலு சட்டமும் போதும். பாட்டி இந்த மாதக் கடைசியில் வந்து ஒரு வாரம் தங்குகிறார். நேற்று வாசலில் போட்டுத் திருகு இறுக்கினேன், இடது பக்கக் கைப்பிடி மட்டும் இன்னும் பாக்கி.